வட்டியில்லாக் கடனின் வட்டி

கடலைப் பற்றி எழுதப்படும் எதையும் நாம் ஆவலோடு வாசிக்கிறோம். 2004இல் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' வந்தபோது, பரதவர் வாழ்வு அதன் சொந்த மொழியோடு நாவலுக்குள் வந்துவிட்டதென்று கொண்டாடினோம். 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது மகிழ்ந்தோம். புயலையும் சுறாவையும் பற்றி இவ்வளவு பேசிய நாம், கரையில் மீனை ஏலத்தில் எடுக்கும் வியாபாரியின் கணக்கு நோட்டைப் பற்றி மட்டும் பேசுவதேயில்லை. அது இலக்கியமன்று, பொருளாதாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கலுக்கு எதிராகவே இதை எழுதுகிறோம்.

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரையிலான முத்துக்குளித்துறைக் கரையில், 1961க்குப் பின் முத்துக்குளிப்பு இல்லை. மீன்பிடிப்பு உண்டு, அதற்கு வலையும் எஞ்சினும் வேண்டும். பணத்தை வியாபாரி முன்பணமாகத் தருகிறார். பத்திரமில்லை, ஈடில்லை, வட்டியுமில்லை. நிபந்தனை ஒன்றுதான்: பிடித்த மீன் முழுவதும் அவர் வழியாகவே விற்கப்பட வேண்டும், விற்ற பணத்தில் அவருக்கு ஒரு கழிவு உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பணம் 50,000 ரூபாய். நாளொன்றுக்கு 3,000 ரூபாய்க்கு மீன். பத்தில் ஒன்று கழிவு. மாதம் 20 நாள், ஆண்டுக்கு 10 மாதம் கடலுக்குப் போனால் கழிவு மட்டும் 60,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். நூற்றுக்கு நூற்றிருபது! மீனுக்குக் குறைத்துப் போடப்படும் விலை இதில் சேரவில்லை. எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. கணக்கின் போக்கைக் கரையில் எவரும் மறுக்கமாட்டார்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழகத்தின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் அது பெயரிட்டவற்றுள் மீன்பாட்டைக் கொண்டு அளக்கப்படும் இந்த வட்டி இல்லை. பெயரிட்டவற்றையேனும் சட்டம் ஒழித்ததா என்றால், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரு பெண்குழந்தைகளோடு மாண்டுபோன குடும்பத்தை நினைத்துக்கொண்டுதான் விடை சொல்ல வேண்டும்.

நுகர்வோர் சட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர். சொந்தத் தொழிலால் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2002 திருத்தத்துக்குப் பின், அந்த விலக்கு வாங்கிய பொருள்களுக்கும் பெற்ற சேவைகளுக்கும் சேர்த்தே இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் பொருள்கள் மட்டுமே எஞ்சின. சேவைகள் என்ற சொல் இல்லை. எஞ்சின் பழுதென்றால் மீனவர் நுகர்வோர். அதே எஞ்சினுக்காக வாங்கிய கடன் அநியாயமென்றால், அவர் நுகர்வோரா என்பதே வழக்காகிவிடும். கடன் சேவைதானே!

அதையும் தாண்டினால் அடுத்த கதவு. இலவசமாகச் செய்யப்படுவது சட்டத்தின் கண்ணில் சேவையே அன்று. 'நான் வட்டியே வாங்கவில்லையே' என்று வியாபாரி சொல்லலாம். அநியாய ஒப்பந்தம் என்ற கருத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்தது, நன்று. ஆனால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மீன் விற்கும் இடத்திலோ, சட்டத்தின் பார்வையில் வியாபாரிதான் வாங்குபவர். மீனவர் வெறும் விற்பனையாளர்.

இங்கே நம் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவர்: 'வங்கி ஏறிட்டும் பாராதவனுக்கு நள்ளிரவிலும் பணம் தருபவர் வியாபாரிதானே? மீன் படாத நாளில் அவர் எதுவும் கேட்பதில்லையே?' உண்மை. அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. வெறும் தடையால் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 2010இல் ஆந்திரம் நுண்கடனுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது வசூல் நின்றது. புதுக் கடனும் கூடவே நின்றது. ஆனால் 'அவரை விட்டால் வேறு யார்?' என்ற கேள்வி, மீனவர் எதையும் ஏற்றாக வேண்டும் என்பதற்கான நியாயம் ஆகிவிடாது. வேறு யாரையாவது உண்டாக்குங்கள் என்பதற்கான நியாயம் அது.

உண்டாக்கியும் காட்டியிருக்கிறார்கள். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் தோன்றிய மீனவர் சங்கங்களும், 1980இல் உருவான அவற்றின் தென்னிந்தியக் கூட்டமைப்பும், மீனைத் தாமே ஏலம் விட்டு, விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனின் அசலுக்கே வரவு வைத்தன. கழிவு கடனைக் குறைத்தது! அட்லாண்டிக்கின் அக்கரையில், நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீனவர்களும் வியாபாரியின் முன்பணத்தில் தலைமுறைகளாகக் கட்டுண்டு கிடந்தவர்களே. அவர்கள் 1908இல் சங்கம் கண்டனர், பின்பு சொந்த வணிக நிறுவனமும் தொடங்கினர்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. 'சேவைகள்' என்ற சொல் நுகர்வோர் சட்டத்தின் விளக்கத்துக்குத் திரும்ப வேண்டும். முன்பணத்துக்காகப் பிடிக்கப்படும் கழிவும், குறைத்துப் போடப்படும் விலையும் வட்டியே என்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். கடன் கொடுக்கும் கையும் ஏலம் எடுக்கும் கையும் வேறுவேறாக இருக்கும்படி சங்கங்களுக்கு அரசு முதலீடு தர வேண்டும்.

ஒரு சொல் வரைவிலிருந்து விழுந்தால் ஒரு கரையே சட்டத்துக்கு வெளியே நிற்க நேரிடலாம். சொல்லே தொழிலென்று இருக்கும் நாம், ஒரு கவிதையில் சொல் பிசகினால் பத்து நாள் சண்டையிடுகிறோம். 2019இல் அந்தச் சொல் விழுந்தபோது எங்கே இருந்தோம்?