கும்பிட மட்டும்தானா கண்ணகி?

களுதாவளையிலும் அயலூர்களிலும் பிள்ளை வளர்க்கிற பெற்றோரே,

வைகாசி பிறந்தால் நம் வீடுகளில் அடுப்புக்கூட விரதம் இருக்கும். செட்டிபாளையம், எருவில், மகிழூர் என்று கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊரெல்லாம் குடும்பத்தோடு போவோம். காரைதீவுக்கும் தம்பிலுவிலுக்கும் போய்வருகிறவர்களும் உண்டு. கதவு திறப்பதில் இருந்து குளிர்த்தி முடியும்வரை அம்மாளின் பேர்தான் வாயில். பிள்ளைக்கு அம்மாள் போட்டால் அவளுக்கு நேர்த்தி வைக்கிறோம். மழை பொய்த்தால் அவளிடம்தான் முறையிடுகிறோம். எல்லாம் சரி. அந்தப் பேரைச் சொல்லி உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையையாவது கூப்பிடுகிறீர்களா?

என் மகளின் வகுப்பு வரவு இடாப்பைப் பார்க்க ஒருமுறை வாய்த்தது. கேஷிகா, யதுர்ஷிகா, டிலுக்‌ஷனா, ஜெனுஷா என்று போகிறது பட்டியல். மாதவியும் இருந்தாள். கண்ணகி இல்லை. மாதவியை நான் குறை சொல்லவில்லை. மணிமேகலையைப் பெற்றுத் தந்தவள் அவள். ஆனால் கண்ணகியின் கதையிலேயே வருகிற மாதவியின் பேரை மனம் கோணாமல் வைக்கிற நாம், ஊர் காக்கும் அம்மனாக வைத்துக் கும்பிடுகிறவளின் பேரை மட்டும் ஏன் விலக்குகிறோம்?

காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வைகாசியில் பெண்பிள்ளை பிறந்த ஒரு வீட்டில், கண்ணகி என்று வையுங்களேன் என்றேன். தாய்க்கு விருப்பம்தான். பெத்தா விடவில்லை. “அந்தப் பேர் வேணாங்கா. புருசனைப் பறிகுடுத்தவட பேர். பிள்ளைக்குப் பலிச்சிரும்” என்றார். தகப்பன் சாத்திரியாருக்குப் போன் போட்டு எழுத்துக் கேட்டார். பிறகு இங்கிலிசு எழுத்தைக் கூட்டிக் கழித்து, ‘ஷா’ என்று முடிகிற ஒரு பேர் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பெத்தாவோடு எனக்குக் கோபம் இல்லை. அவர் பயத்தோடு வளர்ந்தவர். படித்த நீங்களும் அந்தப் பயத்துக்குத் தலையாட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாம் கும்பிடுகிற கண்ணகி யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் சடங்கில் கலியாணக்கால் நடுகிறோம். ஆண்டு தவறாமல் அவளை மணப்பெண்ணாக்கிப் பார்த்து மகிழ்கிற மக்கள் நாம். கண்ணகி வழக்குரை படிக்கிறோம். அரசன் முன்னால் நின்று, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி, அதை உடைத்துக் காட்டி, தீர்ப்புப் பிழை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தவளின் கதை அது. கடைசியில் குளிர்த்தி பாடுகிறோம். கோபம் ஆறி, குளிர்ந்து, ஊரைக் காக்கிற தாயாக அவளை வழியனுப்புகிறோம். கல்யாணமும் நீதியும் குளிர்ச்சியும் சேர்ந்த ஒருத்தியின் பேரில் அபசகுனம் எங்கே இருந்து வந்தது?

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை நம் நாட்டையும் சொல்கிறது. இலங்கை மன்னன் கயவாகு கண்ணகிக்குக் கோட்டம் எடுத்து, ஆடித் திங்களில் விழாச் செய்தான். மழை தவறாமல் பெய்து விளைச்சல் பிழைக்காத நாடாயிற்று என்கிறது. சிங்கள மக்களும் அவளைப் பத்தினி தெய்யோ என்று இன்றும் வணங்குகிறார்கள். மணல் நிலத்தில் கிணறு தோண்டி, வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்க் கன்றுக்கும் தண்ணீர் வார்த்துப் பிழைக்கிறவர்கள் நாம். மழைக்காரியின் பேரைக் கேட்டுப் பயப்பட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இந்தப் பேர் நமக்குப் புத்தகத்தில் இருந்து வந்ததும் அல்ல. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரம் முழுவதையும் உரையோடு அச்சிட்டது 1892இல். அதே ஆண்டு மார்ச் 27இல் காரைதீவில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பன் சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. பிள்ளைக்கு மயில்வாகனம் என்று பேர் வைத்தார்கள். அவர்தான் பின்னாளில் சுவாமி விபுலானந்தர். கண்ணகை அம்மன் குடியிருக்கும் ஊரில் கண்ணம்மை என்ற தாய்க்குப் பிறந்தவர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் துருவித் துருவி ஆராய்ந்து, பழந்தமிழரின் யாழைப் பற்றி ‘யாழ் நூல்’ எழுதி 1947இல் அரங்கேற்றினார். அச்சுப் புத்தகம் கைக்கு வரும் முன்பே கண்ணகை, கண்ணம்மை என்று நம் கரையில் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோயிலில் இருந்து தொட்டிலுக்கு நேரே வந்த பேர் இது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பாருங்கள். கண்ணகி சமண வணிகர் குலத்துப் பெண், சைவர் அவளைக் கும்பிடுவதா என்ற எதிர்ப்பு 19ஆம் நூற்றாண்டில் அங்கே வலுத்தது. கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பேர் மாறின. நம் கிழக்கில் அவள் கண்ணகையாகவே இருந்தாள். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமும் கொம்பு இழுத்த மண் இது. கோயிலில் காப்பாற்றிய பேரை வீட்டில் தொலைப்பது எவ்வளவு பெரிய பிழை.

தமிழ்நாட்டில் இந்தப் பேர் வேறு வழியால் வந்தது. வடமொழிப் பேரை விட்டுத் தமிழ்ப் பேர் வைப்போம் என்று 20ஆம் நூற்றாண்டில் எழுந்த அலையில் எத்தனையோ வீடுகளில் கண்ணகியும் மணிமேகலையும் பிறந்தார்கள். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். தமிழர் ஓயவில்லை, 2006இல் அதே கடற்கரைக்குச் சிலை திரும்பி வந்தது. ஒரு சிலைக்காக அவ்வளவு பேர் குரல் கொடுத்தார்கள். நாம் செய்ய வேண்டியது பிறப்புப் பதிவாளர் முன்னால் ஒரு பேரை எழுதிக் கொடுப்பது மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. புருசனை இழந்தவளின் பேர் ஆகாது என்கிறீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இந்தக் கரையில் எத்தனை பெண்கள் துணையை இழந்தார்கள்? 2009 வரை நடந்த போரில் எத்தனை பேர்? காணாமல் போன கணவனையும் மகனையும் கேட்டு, படத்தைக் கையில் பிடித்தபடி வெயிலில் நிற்கிற தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதும் அன்று கண்ணகி கேட்டதுதான்: நியாயம். அவர்களில் சிலர் நம் சொந்தத் தாய்மார், பெரியம்மாமார், சித்திமார். துணையை இழந்தவளின் பேர் கூடாது என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

பழைய பேர், பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள் என்கிறீர்கள். பிள்ளைகள் எந்தப் பேரையும் பகிடி பண்ணுவார்கள். தன் பேரின் கதை தெரிந்த பிள்ளை திருப்பிச் சொல்லும். அரசனை எதிர்த்துப் பேசியவளின் பேர் எனக்கு என்று நிமிர்ந்து சொல்ல ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைக்கிற வாய்ப்பு சின்னதா? ‘ஷிகா’வுக்கும் ‘ஷனா’வுக்கும் அந்தப் பிள்ளை என்ன கதை சொல்லும்?

முதலாம் ஆண்டுப் பிள்ளை தன் பேரை எழுதப் படும் பாட்டையும் பாருங்கள். டிலுக்‌ஷனா என்று பேர் வைத்த பிள்ளை, பென்சிலை இறுக்கிப் பிடித்து, அந்த ‘க்‌ஷ’வில் வந்து நின்றுவிடும். அழித்து அழித்துத் தாள் கிழியும். கண்ணகி என்று எழுதக் ககரமும் ணகரமும் தெரிந்தால் போதும். பாலர் வகுப்பிலேயே எழுதிவிடுவாள். எண் பார்த்துக் கூட்டிய இங்கிலிசு எழுத்தால் வருகிற தொல்லையும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று என்றாகிச் சத்தியக்கடதாசி முடிக்க அலைகிற இளம்பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். எந்தப் பேர் வைத்தாலும் இங்கிலிசில் எழுதும் விதத்தை முதல் நாளே முடிவு செய்து, எல்லாப் பத்திரத்திலும் அதையே எழுதுங்கள்.

ஊரில் பிறக்கிற எல்லாப் பெண்பிள்ளைக்கும் கண்ணகி என்று வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேர் உங்கள் உரிமை, உங்கள் ஆசை. ஆனால் பயத்தால் ஒரு பேரைத் தள்ளாதீர்கள். பொருள் தெரியாத பேருக்காக அதைத் தள்ளாதீர்கள். கண்ணகி, கண்ணகை, கண்ணம்மை, மூன்றில் எது பிடித்தாலும் நம் கரையின் பேர்தான். வீட்டில் பெத்தா மறுத்தால் கலியாணக்காலையும் குளிர்த்தியையும் அவருக்கே நினைவுபடுத்துங்கள். அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த வைகாசியில் அம்மன் வாசலில் கைகூப்பி நிற்கும்போது, அவளிடம் எதையாவது கேட்கும் முன், அவள் பேரை உங்கள் பிள்ளைக்கு ஏன் வைக்கவில்லை என்று உங்களையே கேளுங்கள். சொல்ல நல்ல பதில் இல்லை என்றால், உங்கள் வீட்டில் அடுத்துப் பிறக்கிற பெண்பிள்ளைக்குக் கண்ணகி என்று பேர் வையுங்கள்.