பள்ளிக்கூட வாசலில் ஒரு போன்ஜூர்



கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் எனக் கடலோரம் நெடுகிலும் உள்ள நம் மஹல்லாக்களில் சபராளி இல்லாத வீடு அரிது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றோரே மிகுதி. காரைக்காலோடு கொண்டு கொடுத்த உறவின் வழியே பிரான்சு தேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்ற பெண்மக்களும் சிலர் உள்ளனர். அவர்களைக் குறித்தே இங்குப் பேச விழைகிறோம்.

அப்பெண்மக்களை வழியனுப்பும்போது நகை, துணிமணி, மசாலாத்தூள், ஓதுவதற்கு முஸ்ஹஃப் என யாவற்றையும் பெட்டியில் வைக்கிறோம். அந்நாட்டு மொழியில் பத்து வாக்கியங்களைக் கற்பித்து அனுப்புவோர் எத்தனை பேர்? "மாப்பிள்ளைக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்" என்பதே நம் பதில். கடைக்கும் மருத்துவரிடமும் மாப்பிள்ளை உடன் வரலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அழைத்து வரவும் அன்றாடம் செல்பவள் தாய்தானே!

பிரான்சில் 2019 முதல் 3 வயதிலேயே கல்வி கட்டாயம். ஆகவே மணமாகிச் சென்ற சில ஆண்டுகளிலேயே அவள் அவ்வாசலில் நின்றாக வேண்டும். மற்றத் தாய்மார் குளிரைப் பற்றியும் பிள்ளையின் சளியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, இவள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். அதனை அவர்கள் நாணம் என்று எண்ணுவதில்லை. எதிர்ப்பட்டவரிடம் 'போன்ஜூர்' என்று சொல்லாமல் இருப்பது அங்கு மரியாதைக் குறைவு. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னும் முதலில் அச்சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நம்மிடம் ஸலாம் சொல்லாமல் ஒருவர் கடந்து போனால் நம் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. தாய்க்கு மொழி தெரியாத வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுகிறான். ஆசிரியை அவனைப் பற்றிக் கூறும் குறையை அவனே தாயிடம் எடுத்துச் சொல்கிறான். தனக்கு வேண்டிய அளவே சொல்கிறான். மக்தபில் பிள்ளைகளோடு பழகிய எமக்கு அப்பிள்ளையின் சாமர்த்தியம் வியப்பளிக்கவில்லை. ஆனால் நாளடைவில் உம்மாவின் சொல்லுக்கு அவ்வீட்டில் மதிப்பு என்னவாகும்? வகுப்புத் தோழனின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தால், "என் மகன் பன்றிக் கொழுப்போ ஜெலட்டினோ சேர்ந்த மிட்டாய் உண்ணமாட்டான்" என்று அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டாமா? ஹலாலைப் பேணுவதற்கும் அங்கே நாவு வேண்டியிருக்கிறது.

"அவர்களோடு பழகினால் மார்க்கம் போய்விடும்" என்று அஞ்சுவோர் உண்டு. மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறான். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியபோது ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்த செய்தி திர்மிதீயில் உள்ளது. பிற ஆடவர் கைகுலுக்க வந்தால் என்ன செய்வது என்றும் சில சகோதரிகள் கேட்கின்றனர். நெஞ்சில் கை வைத்து முகமலர்ச்சியோடு 'போன்ஜூர், மெஸ்யே' என்றால் பெரும்பாலும் போதும். வாய் திறவாமல் கையை மட்டும் பின்னிழுப்பதே மனத்தாங்கலை உண்டாக்கும்.

நம் முன்னோருக்கு இம்மொழி அந்நியமாக இருந்ததில்லை. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து சைகோன் சென்று வணிகம் செய்த நம்மவர் பிரெஞ்சு அதிகாரிகளிடம் பேசியே பிழைத்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அந்நகரில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. (நம் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானும் பிரான்சில் வாழ்ந்து 1928இல் பாரிஸில் மறைந்தவரே. அரண்மனைக்காரருக்குத்தான் அம்மொழி என்று நாம் விட்டுவிட்டோம் போலும்!)

கற்பதற்கும் பெரும்பாடில்லை. 'சா வா?' என்றால் நலமா. அதே சொல்லைக் கேள்வித் தொனியின்றித் திருப்பிச் சொன்னால் நலம். விடைபெறும்போது 'போன் ஜுர்னே', நாளை பார்ப்போம் என்பதற்கு 'ஆ துமேன்', குளிராயிருக்கிறது என்பதற்கு 'இல் ஃபே ஃப்ருவா'. நம் நீ, நீங்கள் போல அவர்களுக்கும் 'த்யு', 'வூ' உண்டு. புதியவரிடம் 'வூ' என்றே தொடங்க வேண்டும். தமிழ் பேசுவோருக்கு இது எளிது, ஆங்கிலம் மட்டும் அறிந்தோர்தாம் தடுமாறுவர். அவ்வாசலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறையும் நமக்குப் பழகியதே. 'ஜ ஸ்வி லா மமான் த யூசுஃப்', அதாவது 'நான் யூசுஃபின் உம்மா'. உம்மு ஸலமா என்று பிள்ளையின் பெயரால் தாயை அழைத்த மரபினர் அல்லவா நாம்!

நிக்காஹ் முடிந்து விசா வருவதற்குள் பெண்பிள்ளைகள் இங்கே சில மாதங்கள் காத்திருக்கின்றனர். காரைக்காலில் பிரெஞ்சு அறிந்த மூத்த பெண்மணிகள் இன்றும் உள்ளனர். உறவுமுறையில் கேட்டால் கைப்பேசியிலேயே நாளுக்குக் கால் மணி நேரம் பேசிப் பழக்குவர். ஏற்கெனவே அங்கே வாழும் சகோதரிகளின் கணவன்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: பள்ளி திறக்கும் முதல் வாரம் வேலைக்குச் சற்றுப் பிந்திச் சென்றாலும் பாதகமில்லை. மனைவியுடன் அவ்வாசல் வரை சென்று, முதல் 'போன்ஜூர்' அவர் வாயிலிருந்தே வரும்வரை அருகில் நில்லுங்கள்.