தார் தீர்ந்தால் நாடாவை எறிவதா?

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது நமக்கு வாங்கி வரும் சாமான்களில் இப்போது வயர் இல்லாத மௌஸும் சேர்ந்துவிட்டது. "கட்டை மாத்தவே வேண்டாம்பா, சார்ஜ் போட்டா போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலில் ஒருமுறை சார்ஜ் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். இரண்டு மூன்று வருஷம் போனால் அது வாரக்கணக்காகும். அப்புறம் தினமும் வயரைச் செருகியே வேலை செய்ய வேண்டும். கடைக்கு எடுத்துப் போனால், "இதைப் பிரிக்க முடியாது சார், புதுசு வாங்கிக்குங்க" என்று பதில் வரும்.

ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் நமக்கு இந்தப் பதில் சரிப்படுமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் மௌஸின் பேட்டரியைப் பக்குவமாக வைத்துக்கொண்டால் அது இன்னும் பல காலம் உழைக்கும். அடுத்த முறை வாங்கும்போது, பேட்டரியை நம் கையாலேயே கழற்றி மாற்றக்கூடிய மௌஸாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பக்குவத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன விதி. இன்று மௌஸுக்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம்-அயான் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. இதற்கு அடித்தளம் போட்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பேட்டரிக்கு அடிமட்டம் வரை தீர்ந்து கிடப்பதும் ஆகாது, முழுக்க நிரம்பிய நிலையில் சூட்டில் கிடப்பதும் ஆகாது. 20 சதவீதத்துக்கு வந்ததும் சார்ஜ் போட்டு, 80, 90 வந்ததும் எடுத்துவிட்டால் போதும். ராத்திரி முழுக்கச் செருகி வைக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் யுஎஸ்பி துளையே இதற்குத் தாராளம். இரண்டு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போவதாக இருந்தால், பாதி சார்ஜில் வைத்து ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். இந்த வகைப் பேட்டரி 300 முறையாவது முழு சார்ஜைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் வருஷத்துக்கு 12 முறைதான். அந்தக் கணக்கில் 25 வருஷம் வர வேண்டும். ஆனால் எந்த மௌஸ் பேட்டரி அத்தனை காலம் வருகிறது? சார்ஜ் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அந்த வயதை வேகமாக ஏற்றிவிடுவது சூடு. ஆகவே சார்ஜ் போட்ட எண்ணிக்கையை நினைத்துக் கவலைப்படுவதை விட, மௌஸ் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கத்திரி வெயிலில் நம் ஆரணியில் ஜன்னலோரம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் திட்டு, இன்வெர்ட்டர் மேல்பக்கம், மோடத்தின் தலை, இவை எதுவும் மௌஸ் வைக்கும் இடமல்ல.

ஒரு சார்ஜ் நீண்ட நாள் வரவும் சில வழிகள் உண்டு. கொஞ்ச நேரம் அசைக்காமல் விட்டால் மௌஸ் தானாகத் தூங்கிவிடும். அசைவு பட்டால் விழித்துக்கொள்ளும். தறி ஓடும் வீட்டில் மேசையே அதிரும். அங்கே அதற்கு நல்ல தூக்கம் கிடைக்காது. அப்படிப்பட்ட வீட்டில் வேலை முடிந்ததும் அடியில் உள்ள ஸ்விட்சை அணைத்துவிடுவது நல்லது. கண்ணாடி மேசையிலும் பளபளப்பான கறுப்புப் பலகையிலும் மௌஸ் தடுமாறும். வெளிர் நிறத்தில் பளபளப்பு இல்லாத ஓர் அட்டையை அடியில் போட்டால் போதும். கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவரை, பெட்டியின் பின்பக்கத்தில் ஒளித்து வைக்காமல் மௌஸுக்கு அருகில் முன்பக்கம் செருகுங்கள். பேரப்பிள்ளைகள் விளையாடும் மௌஸில் வண்ண விளக்கு எரியும், விநாடிக்கு 1000 முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும். நமக்கு 125 முறையே அதிகம்.

இத்தனை பக்குவம் பார்த்தாலும் ஒருநாள் பேட்டரி ஓயத்தான் செய்யும். அப்போது ஓய்ந்தது பேட்டரி மட்டும்தான். பொத்தான், சக்கரம், அடியில் உள்ள கண் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒரு சின்னப் பேட்டரிக்காக முழு மௌஸையும் குப்பையில் போடச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊர்த் தறியைப் பாருங்கள். நாடாவுக்குள் இருக்கும் தார் தீர்ந்தால் தாரைத்தான் மாற்றுகிறோம். நாடாவைத் தூக்கி எறிந்த நெசவாளரை யாராவது பார்த்ததுண்டா? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தறி மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு, பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் என்பவரின் பெயரைத் தாங்கியது, 1804-ஆம் வருஷத்துக் கருவி. அதில் ஓர் அட்டை கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கோர்த்துக்கொள்ளலாம். 200 வருஷத்துக்கு மேலாகியும் அது நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். அந்த அட்டைக்கான டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்த காலம் போய், இப்போது கம்ப்யூட்டரில் மௌஸ் பிடித்துக் கட்டம் கட்டமாக நிரப்புகிறார்கள். நமக்கு மௌஸ் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அது பிழைப்பு. நடுவேலையில் அது படுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

கழற்றி மாற்றும் மௌஸ் என்றால் அதிசயப் பொருள் ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் போடும் அதே மாதிரிக் கட்டை ஒன்றோ இரண்டோ போட்டால் ஓடும். அதற்கே சார்ஜ் ஏறும் கட்டையும் கிடைக்கிறது. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு என்று அட்டையில் போட்டிருக்கும். சாதாரணக் கட்டை 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். அதனால் திரையில் சார்ஜ் குறைவாக இருப்பதுபோல் காட்டலாம், பயப்பட வேண்டாம். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் போடலாம். ஓய்ந்தால் கட்டையை மட்டும் மாற்றலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் தீர்ந்ததும் எறியும் கட்டைக்கு 'பீல்' என்றும், திரும்பச் சார்ஜ் ஏற்றுவதற்கு 'அக்யுமுலாத்தேர்' என்றும் தனித்தனிச் சொல் உண்டு. நாம் எல்லாவற்றையும் பேட்டரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சாதாரணக் கட்டையை மறந்தும் சார்ஜரில் போடாதீர்கள். ஒழுகும், வெடிக்கவும் கூடும். உப்பிப் போன லித்தியம் பேட்டரியைக் குத்திப் பிரிக்கவோ குப்பையோடு கொட்டவோ வேண்டாம். நசுங்கினால் தீப்பிடிக்கும்.

மூடி வைத்தால்தான் மெலிதாக, எடை குறைவாகச் செய்ய முடியும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். செல்போனுக்கு அது சரியாக இருக்கலாம். மௌஸின் வயிற்றில் இடத்துக்கு என்ன பஞ்சம்? ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் பெரும்பாலான சிறு சாதனங்களின் பேட்டரியை, வாங்கியவரே எளிதாகக் கழற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. நம் நாட்டிலும் 2022-இல் பேட்டரிக் கழிவு விதிகள் வந்தன. பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அவை தயாரிப்பாளர் மேல் வைத்தன. நல்ல விதிதான். ஆனால் அது பொருள் குப்பையான பிறகு பார்க்கிற வேலை. குப்பையாகாமல் தடுக்க நமக்கும் ஐரோப்பியச் சட்டம் போல ஒன்று வேண்டும்.

சட்டம் வரும்வரை நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அடுத்த முறை போனில், "என்னப்பா வேணும்?" என்று கேட்கும்போது, "அடியில் மூடி திறக்கிற மௌஸா பார்த்து வாங்கி வா" என்று சொல்லுங்கள். கடைக்காரரிடமும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், நாளைக்கு அவர் அதையே வரவழைத்து வைப்பார்.