பூசுவதற்கு முன் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்



நீண்ட பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் தன் கழுத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிறவன். ஷேவ் செய்த மறுநாளே தாடைக்குக் கீழே சின்னச் சின்னதாகச் சிவந்த பருக்கள், நடுவில் கருப்புப் புள்ளி, ஒன்றிரண்டில் சீழ். "என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தான். அரை மணி நேரத்தில் வைத்தியம் குவிந்துவிட்டது. எலுமிச்சம்பழம் தேய். டூத்பேஸ்ட் வை. படிகாரக் கல்லை அழுத்தித் தேய். கடைசியில் பெரும்பாலோர் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: "மெடிக்கல்ல கேளு, ஒரு கிரீம் கொடுப்பாங்க, மூணு நாள்ல மாயமாப் போயிடும்."

"அந்தக் கிரீம் மட்டும் வேண்டாம்" என்று எழுதினேன். உடனே ஒரு மாப்பிள்ளை, "மாமா, ரிட்டயர்டு ஆகியும் ஷேவிங்குக்கு க்ளாஸ் எடுக்கறீங்களே" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். ஆமாம் மாப்பிள்ளை, எடுக்கத்தான் போகிறேன். உட்காருங்கள்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகனுக்குச் சில வருடங்களுக்கு முன் இதே தொல்லை. சுருட்டை முடிக்காரன். ஒரு இடத்தில் வரவேற்பறையில் வேலை. தினமும் மழுமழுவென்று ஷேவ் செய்துகொண்டுதான் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. கழுத்து புண்ணாகிக் கிடந்தது. நிச்சயதார்த்தம் நெருங்கியது. "மாமா, என்ன பண்றது?" என்று என்னிடம் வந்தான். நான் பெரிய மேதாவி மாதிரி அவனை மருந்துக் கடைக்கு அழைத்துப் போய், "தம்பி முகத்துக்கு நல்லதா ஒண்ணு கொடுங்க" என்றேன். கடையில் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. என்னிடமும் சீட்டு இல்லை.

அந்தக் கிரீம் வேலை செய்தது. அதுதான் வினையே. மூன்றே நாளில் சிவப்பு அடங்கியது, முகமும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. "அண்ணன் கைராசி" என்று தங்கை ஊரெல்லாம் சொன்னாள். பூசுவதை நிறுத்தினால் பரு திரும்ப வந்தது. பூசினால் போனது. இப்படியே 8 மாதம் ஓடியது.

கல்யாணம் முடிந்து ஒருநாள் வந்து நின்றான். கன்னம் முழுக்கச் சிவப்பு. தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. "வெயில்ல போனா மிளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியுது மாமா" என்றான். நம் ஊரில் வெயிலில் போகாமல் ஒரு மனிதன் எங்கே போவான்?

தோல் மருத்துவர் அம்மையார் அந்த டியூபை வாங்கிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தை என் பக்கம் திருப்பி, "இதைப் படிச்சீங்களா சார்?" என்றார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் "கேள்வியை முழுசாப் படிச்சிட்டுப் பதில் எழுது" என்று சொன்னவன் நான். நான் படிக்கவில்லை.

அது ஸ்டீராய்டு கிரீம். அவனுக்குச் சரியாகப் பல மாதம் ஆனது. கல்யாண ஆல்பத்தில் பளபளப்பாக இருக்கும் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "பேர் போடாம எழுதுங்க மாமா, நாலு பேருக்காவது உதவட்டும்" என்று அவனே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவன், அவ்வளவுதான். ஆனால் பட்ட பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இந்தப் பரு எப்படி வருகிறது? கரும்பலகையைப் பாருங்கள். பிளேடு வெட்டிய முடியின் முனை கரும்புச் சோகை மாதிரி கூர்மையாகிவிடுகிறது. நேரான முடி அப்படியே வெளியே வளர்ந்துவிடும். சுருண்ட முடியோ வளைந்து வந்து பக்கத்துத் தோலிலேயே குத்தி உள்ளே போகிறது. இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து, எதிர் வாட்டத்தில் ரொம்ப ஒட்டச் சிரைத்தால் முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும். பிறகு அது வளரும்போது வெளியே வராமல் துளைக்குள்ளேயே பக்கவாட்டில் குத்தும். உடம்புக்கு அது ஒரு முள். முள் தைத்த இடம் சிவக்கும், வீங்கும், கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும்.

முள் தைத்தால் நம் பாட்டி என்ன செய்வாள்? முள்ளை எடுப்பாள். நாம் என்ன செய்கிறோம்? முள்ளை உள்ளேயே விட்டுவிட்டு, மேலே சிவப்பு தெரியாமல் இருக்க ஒரு கிரீமைப் பூசுகிறோம். மறுநாள் காலை பிளேடை எடுத்துப் புதிதாக இன்னும் நூறு முள் செய்துகொள்கிறோம்.

ஸ்டீராய்டு விஷமல்ல. கரப்பானுக்கும் சோரியாசிஸுக்கும் மருத்துவர் கையில் அது நல்ல மருந்து. இந்தப் பருவுக்கே கூட, வீரியம் குறைந்த ஒன்றைச் சில நாட்களுக்கு என்று கணக்குப் போட்டு அவர்கள் கொடுப்பதுண்டு. ஆனால் அது செய்வது உடம்பின் எதிர்ப்பை அடக்குவது. அதனால்தான் சிவப்பு சட்டென்று மறைகிறது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், புதிதாகப் பரு வரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். அந்தப் பயத்தில் மறுபடி பூசுவோம். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதைதான். வந்தது படர்தாமரையாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். அரிப்பு அடங்கியது போல் இருக்கும், அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு மேலும் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியலில் சேர்த்தது. டியூபிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் அந்த எழுத்தின் அளவு எறும்பு. மாடல் பெண்ணின் படம் யானை.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்று சிலர் வருவீர்கள். ஹெல்மெட் போடாமல் 20 வருடம் ஓட்டியவரும் இதையேதான் சொன்னார்.

சரி, கிரீம் வேண்டாம் என்றால் என்ன செய்வது? கேளுங்கள்.

பரு நிறைந்திருக்கும்போது முதல் மருந்து பிளேடைக் கீழே வைப்பதுதான். சுமார் 4 வாரம். முடி கொஞ்சம் வளர்ந்ததும் உள்ளே மாட்டிய முனைகள் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். இதற்குச் சாட்சி வெளியூரில் தேட வேண்டாம். ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கிற நம் பையன்களைப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் அரிக்கிறது என்று சொறிவார்கள். மலைக்குப் போகிற நேரத்தில் கழுத்து துப்புரவாக இருக்கும். சாமி அருள் என்பார்கள். இருக்கட்டும், அதில் பிளேடு படாததற்கும் பங்கு உண்டு.

அந்த நாட்களில் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துச் சில நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். வெறும் எரிச்சல் மட்டும் என்றால் குளிர்ந்த நீர்த் துணி போதும். உள்ளே வளைந்த முடி கண்ணுக்குத் தெரிந்தால் சுத்தம் செய்த ஊசியால் முனையை மட்டும் தூக்கிவிடுங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அது வளரும்போது மறுபடி உள்ளேயே குத்தலாம். நகத்தால் கிள்ளவே கூடாது.

பிறகு ஷேவ் செய்தே ஆக வேண்டும் என்றால், டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவதே உத்தமம். நாலடி தள்ளி நிற்பவருக்கு அது ஷேவ் செய்த முகம்தான். பிளேடுதான் வேண்டும் என்றால் குளித்த பிறகு செய்யுங்கள். முடி ஊறியிருக்கும். நுரை போட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கழுத்தில் அது இடத்துக்கு இடம் மாறும். அந்த வாட்டத்திலேயே இழுங்கள். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், அழுத்தாதீர்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடைக் கழுவுங்கள். ஐந்து முதல் ஏழு ஷேவுக்கு மேல் ஒரு பிளேடு வேண்டாம். முடிந்ததும் வாசனையோ ஆல்கஹாலோ இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். சுரீரென்று எரிந்தால்தான் ஆஃப்டர் ஷேவ் வேலை செய்கிறது என்பது மூடநம்பிக்கை. எலுமிச்சைச் சாறு புண்ணில் ஊற்றுவதற்கல்ல, ரசத்தில் ஊற்றுவதற்கு.

இன்னொன்று. 1971-ல் இரண்டு பிளேடு ரேசர் வந்தது, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. விளம்பரத்தில் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது இன்னும் கீழே வெட்டும். நேர்முடிக்காரருக்கு அது வசதி. சுருட்டை முடிக்காரருக்கு, மேலே சொன்ன இரண்டாவது வழியில் முள் செய்யும் இயந்திரம் அது. உங்களுக்கு ஒற்றை பிளேடு போதும்.

சலூனில் உட்கார்ந்ததும் "புது பிளேடு போடுங்கண்ணே" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பழைய பிளேடில் வரலாம். எல்லோர் முகத்திலும் தேய்க்கிற படிகாரக் கல்லையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சின்ன வெட்டில் ரத்தம் நிற்க உங்கள் வீட்டில் உங்களுக்கென்று ஒரு கல் இருந்தால் தப்பில்லை. ஆனால் அது பருவுக்கு மருந்தல்ல. சலூன்காரரைக் குறை சொல்லாதீர்கள். முதல் சுற்றை அவர் வாட்டத்தோடுதான் எடுக்கிறார். "இன்னும் மொழுமொழுன்னு வேணும்" என்று இரண்டாவது சுற்று எதிர் வாட்டத்தில் போடச் சொல்வது நாம்தான்.

இவ்வளவும் செய்து கேட்கவில்லையா, சீழ் வைத்து வலிக்கிறதா, வட்டமாக அரிக்கிறதா, தழும்பு தடித்து வளர்கிறதா, தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது.

இனி, யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளை தினமும் பிளேடு எடுக்க வைப்பது யார்?

நாம்தான். எங்கள் பள்ளி தரம் உயர்ந்து பெரிய பையன்கள் வந்தபோது, காலை வழிபாட்டில் ஒழுங்கு பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அரும்பு தாடியோடு வந்தவனை வரிசையிலிருந்து இழுத்து, "போய் சிரைச்சிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறேன். ஒருவன் கழுத்து முழுக்கப் புண். "எரியுது சார்" என்றான். "சாக்கு சொல்லாதே" என்றேன். தம்பி, நீ இதைப் படித்தால், அன்று நான் சொன்னது தவறு. மன்னித்துக்கொள்.

முகத்து முடிக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கூடாவொழுக்கம் அதிகாரத்தின் கடைசிக் குறளை உங்களுக்கு நடத்தியவனே நான்தான். உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் போதும், முடியை எடுப்பதும் வளர்ப்பதும் ஒரு பொருட்டல்ல என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். மணி அடித்ததும் வெளியே வந்து அதே முடிக்காகப் பையனை வெயிலில் நிறுத்தினேன்.

"ராணுவத்துல விடுவாங்களா?" என்று கேட்பார்கள். அமெரிக்க ராணுவத்திலேயே இந்தத் தொல்லை உள்ள வீரர்களுக்கு, பெரும்பாலும் சுருள்முடி உள்ள கறுப்பின வீரர்களுக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் ஷேவிலிருந்து விலக்கு கொடுத்து வந்திருக்கிறார்கள். துப்பாக்கி தூக்குகிறவனுக்குக் கிடைத்த சலுகை, வரவேற்பறையில் வணக்கம் சொல்கிற நம் பிள்ளைக்குக் கூடாதா?

என் மாணவர்களில் இன்று கடை வைத்திருப்பவர்கள், மேலாளர்கள், தலைமை ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பையன் கழுத்தில் புண்ணோடு வந்தால், "நாலு வாரம் விடு தம்பி, ட்ரிம் பண்ணிக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வியாபாரம் படுத்துவிடாது. அவன் முகம் பிழைக்கும்.

கடைசியாக, வீட்டுப்பாடம். இன்றே உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியைத் திறங்கள். அங்கே கிடக்கும் கிரீம் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது இருந்து, அதை மருத்துவர் எழுதித் தரவில்லை என்றால் புதிதாக யாருக்கும் பூசாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தித் திண்டாடாமல், டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். சிவப்பை அடக்கி மெல்ல வெளியே கொண்டுவர அவர்களுக்கு வழி தெரியும்.

படித்து முடித்தவர்கள், டியூபில் என்ன எழுதியிருந்தது என்று கீழே எழுதுங்கள். மாப்பிள்ளை, நீங்கள்தான் முதலில்.

உங்கள் பழைய வாத்தியார்.