மாறும் நகரமே பாடமாகட்டும்



சென்னைப் பள்ளிகளில் களப்பயணம் என்றாலே பெரும்பாலும் வண்டலூர், கிண்டி பூங்காக்கள்தான். நம் கண்ணெதிரே மாறிவரும் நகரத்தையே பாடமாக்கினால் என்ன?

கட்டட இடிபாடும் கழிவுநீரும் சேர்ந்து பாழ்பட்ட அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கர், தொல்காப்பியப் பூங்காவாக மீட்கப்பட்டு 2011-இல் திறக்கப்பட்டது. அலையாத்திச் செடிகளும் பறவைகளும் திரும்பிய விதத்தை மாணவர்கள் அங்கே நேரில் படிக்கலாம். 2019-இல் நடைபாதை வளாகமான பாண்டி பஜாரில் நடப்போரையும் வாகனங்களையும் எண்ணலாம். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்கிறதா என்று பார்க்கலாம். நடைபாதை வியாபாரிகளிடம் பேசலாம்.

நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து புறநகரான பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் குரலையும் கேட்க வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று தெரியாமல், வளர்ச்சி யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

ஒன்பதாம் வகுப்புக்குப் பருவத்துக்கு ஒரு நாளையாவது இத்தகைய களப்பயணத்துக்காகக் கல்வித்துறை ஒதுக்கட்டும். திட்ட வரைபடங்களோடு மாநகராட்சிப் பொறியாளர்கள் வந்து விளக்கட்டும். மாணவர்கள் கண்டறிந்தவற்றை வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் முன்வைக்க இடம் கிடைக்கட்டும். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளே நாளை பொறுப்புள்ள குடிமக்கள் ஆவார்கள்.

– ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
சைதாப்பேட்டை, சென்னை.