ஆறாம் நம்பர் ரூம்!

போன வாரம் ஜெர்மனி குளிரைப் பத்திப் புலம்பினேன் இல்லையா? 'போட்டோவுல மட்டும் ஜாலியா சிரிக்கிறியே மச்சான்!'னு ஒரகடம் பசங்க கலாய்ச்சுட்டாங்க. அதனால இந்த வாரம் போட்டோவுல வராத ஒரு மேட்டர்.

நான் படிக்கிற கெம்னிட்ஸ், ஜெர்மனியோட கிழக்குப் பக்கம் சாக்சனி மாநிலத்துல இருக்கிற தொழில் நகரம். 1953-லேர்ந்து 1990 வரைக்கும் இதுக்குப் பேரே கார்ல் மார்க்ஸ் நகரம்தான். ஊர் நடுவுல மார்க்ஸோட தலை மட்டும் 7 மீட்டருக்கு மேல உயரமா சிலையா நிக்குது. டிசம்பர்ல சாயந்திரம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். நம்ம ஊர்ல அப்ப ராத்திரி எட்டரை. அம்மா போன் பண்ற நேரம். "சாப்டியாடா?" "சாப்டேன்மா." பெரும்பாலும் பொய்!

இங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல டியூஷன் ஃபீஸ் கிடையாது. ஆனா ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை 'ப்ளாக்டு அக்கவுன்ட்'ல முன்கூட்டியே போட்டுக் காட்டணும். அப்பதான் விசா. நான் வந்தப்ப 11,904 யூரோ போட்டோம். அதுலேர்ந்து மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். அவ்வளவு பணம் எங்கேர்ந்து வந்துச்சு? அதுக்கு ஒரகடத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும்.

2010-ல ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை, 2012-ல டெய்ம்லர் லாரி தொழிற்சாலைன்னு வரிசையா வந்ததுல எங்க ஏரியாவே மாறிடுச்சு. அப்பா பயிர் வைக்கிறதை விட்டுட்டு, அந்த இடத்துல எட்டு ரூம் லைன் வீடு கட்டினார். ஒடிசா, பீகார், அஸ்ஸாம்னு வேலைக்கு வந்தவங்க, ரூமுக்கு ஏழெட்டு பேரா தங்கினாங்க. காலேஜ் படிக்கும்போது மாசாமாசம் அஞ்சாம் தேதி நான்தான் பைக்ல போய் வாடகை வசூல் பண்ணுவேன். ரெண்டாம் நம்பர் கொடுத்தாச்சு, ஆறாம் நம்பர் பாக்கி... அவங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இப்ப மறுபடி கெம்னிட்ஸ். அரிசி, கொத்தமல்லி வேணும்னா நாங்க போறது ஒரு வியட்நாம் ஆன்ட்டி கடைக்கு. கிழக்கு ஜெர்மனின்னு தனி நாடு இருந்த காலத்துல, மில் வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியா வந்தவங்க. 1989-ல அப்படி வந்த வியட்நாம்காரங்க மட்டும் அங்கே சுமார் 60,000 பேர். ஹாஸ்டல்ல ஆளுக்கு 5 சதுர மீட்டர் இடம்தான் கணக்கு. "அப்பல்லாம் எங்க பேரை யாரும் கேக்க மாட்டாங்க"ம்பாங்க. அதனாலயோ என்னவோ, கடைக்குப் புதுசா யார் வந்தாலும் ஆன்ட்டி முதல்ல கேக்கிறது பேரைத்தான்!

ஒருநாள் அந்தக் கடையில மிச்சமிருந்த ஒரே கொத்தமல்லிக் கட்டு மேல ரெண்டு கை ஒரே நேரத்துல விழுந்துச்சு. ஒண்ணு என் கை. இன்னொண்ணு ஒடிசாவுல கஞ்சம் மாவட்டத்துலேர்ந்து வந்தவனோட கை. பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டோம். அன்னிலேர்ந்து ஃப்ரெண்ட்ஸ். அவன் 'பக்காளா, பக்காளா'ன்னு உருகுறது நம்ம பழைய சோறுதான்னு தெரிஞ்சப்ப பாசம் இன்னும் கெட்டியாகிடுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு செம ஜுரம். ஞாயிறுன்னா இங்கே கடைங்க மூடிடும். முறை வெச்சு ஒண்ணு ரெண்டு மருந்துக் கடைதான் திறந்திருக்கும். அவன் பனியில ட்ராம் பிடிச்சுப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்தான். கஞ்சி வெச்சுக் கொடுத்தான். பேச்சு அப்படியே ஊர்ப் பக்கம் திரும்புச்சு.

"எங்க பெரியப்பா பையன் உங்க ஒரகடத்துலதான் ரெண்டு வருஷம் வேலை பார்த்தான்"னான்.

"அட! எங்கே தங்கியிருந்தார்?"

"ஒரு லைன் வீடு. ஒரே ரூம்ல எட்டு பேர். மஞ்சக்காமாலை வந்து பத்து நாள் படுத்த படுக்கையா கிடந்தான். ஓனர் பையன் பைக்ல வருவானாம். வாசல்லயே நின்னு வாடகையை வாங்கிட்டுப் போயிடுவானாம். உள்ளே படுத்திருக்கிறது யாருன்னுகூட கேக்கலையாம்."

கஞ்சி தொண்டையிலயே நின்னுடுச்சு.

ஒரகடம் சுத்துவட்டாரத்துல எத்தனையோ லைன் வீடு இருக்கு. அந்தப் பையன் நான்தானான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நானும் அப்படித்தானே வாசல்ல நின்னேன்! அவங்க கொடுத்த வாடகையும் சேர்ந்ததுதானே அந்த 11,904 யூரோ!

இவன்கிட்ட சொல்லலாமா... சொன்னா ஃப்ரெண்ட்ஷிப் புட்டுக்குமா? ரெண்டு நாள் மண்டை காய்ஞ்சேன். மூணாம் நாள் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அவன் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இப்ப அந்த ஆறாம் நம்பர்ல யார் இருக்காங்க?"ன்னான். என்கிட்ட பதில் இல்லை.

அன்னிக்கே அப்பாவுக்கு போன் போட்டேன். "ஆறாம் நம்பர்ல இருக்கிறவங்க பேரெல்லாம் என்னப்பா?"

"பேரா? எதுக்குடா... வாடகை ஒழுங்காத்தானே வருது?"

"சும்மா போய்க் கேட்டுட்டு வாங்கப்பா."

ரெண்டு நாள் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஏழு பேர். ஒவ்வொரு பேரையும் திக்கித் திணறிச் சொல்லியிருந்தார் அப்பா. கடைசியில ஒரு வரி... "தண்ணி டேங்க் கழுவி ரொம்ப நாளாச்சாம். நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன். இத்தனை நாளா ஏம்ப்பா சொல்லலைன்னு கேட்டா, நீங்க கேக்கவே இல்லையேங்கிறாங்கடா!"

அந்த மெசேஜை என் ஃப்ரெண்டுக்கும் போட்டுக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் புரியாது. ஆனா பேர் ஏழும் புரிஞ்சுது. "உங்கப்பா ரெண்டு பேரைத் தப்பா சொல்றார்"னு சிரிச்சான். எனக்கு உயிர் வந்துச்சு.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வர்றேன். அஞ்சாம் தேதி வசூலுக்கு நான்தான் போவேன். இந்த தடவை வாசல்லயே நிக்கிறதா இல்லை. அதுக்குள்ள ஒரு சின்ன ஹோம்வொர்க்... ஷிப்ட் முடிஞ்சு தினமும் உங்க தெரு வழியா நடந்து போறாங்களே, அதுல ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா, இந்த வாரம் கேட்டு வைங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!