நோயும் உற்றாரும்

காய்ச்சல் கண்டவனைத் தொட்ட அளவில் அறியலாம்; கால் முறிந்தவனைக் கண்ட அளவில் அறியலாம். நீரிழிவு அத்தகையதன்று. அந்நோய் உடையவர் நம்முடன் உண்பர், உறங்குவர், பணிக்குச் செல்வர், சிரித்துப் பேசுவர். அவரே வாய் திறந்து கூறினாலன்றிப் பிறர் அதனை அறிதல் அரிது. சருக்கரை நோய் என வீடுகளில் வழங்கும் இதனை மறைப்பது எளிது. அவ்வெளிமையே பலரை மறைக்கத் தூண்டுகிறது.

வேறு காரணங்களும் உண்டு. இனிப்பை அளவின்றித் தின்றமையால் வந்தது எனப் பிறர் பழிப்பரோ என்னும் அச்சம் ஒன்று. மகளின் திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்னும் கவலை மற்றொன்று. முதிய தாய் கேட்டு வருந்துவாளே என்னும் இரக்கம் பிறிதொன்று. முன்னைய இரண்டும் ஊராரின் அறியாமையால் விளைவன. பின்னையது அன்பினால் விளைவது. அன்பினால் மறைப்பினும் தீங்கு குறைவதில்லை.

இராபர்ட் டேனியல் லாரன்சு என்பார் ஸ்காட்லாந்து நாட்டில் 1892-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர். அறுவைப் பயிற்சியின்போது எலும்புச் சில் ஒன்று கண்ணில் தெறித்துப் புண்ணாயிற்று. அதற்காக மருத்துவமனையில் தங்கியபோதே அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அக்காலத்தில் அந்நோய்க்கு உணவைச் சுருக்குவதன்றி வேறு வழியில்லை. வீட்டார் கண்முன் இறந்து அவர்களை வருத்துதல் ஆகாது என எண்ணிய லாரன்சு, இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகர்க்குச் சென்று மருத்துவத் தொழில் புரிந்தார். இதற்கிடையே, கனடா நாட்டுத் தொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெசுட்டும் 1921-இல் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக இன்சுலின் மருந்து கிடைத்தது. 1923-இல் அம்மருந்து இலண்டனை அடைந்தவுடன், ஆரிசன் என்னும் நண்பர் லாரன்சுக்குத் தந்தி அனுப்பினார். நலிந்த உடலுடன் விரைந்து திரும்பிய லாரன்சு, இன்சுலின் பெற்று மேலும் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வீட்டாரை வருத்தலாகாது என விலகிச் சென்றவரைக் காத்தது, அவர் நோயை அறிந்த ஒருவர் அனுப்பிய தந்தி! ஆரிசன் அறியாதிருந்தால் அத்தந்தி யாருக்குச் சென்றிருக்கும்? பின்னாளில் லாரன்சு, தம்மைப்போலவே நீரிழிவுடைய எச். ஜி. வெல்சு என்னும் புகழ்பெற்ற எழுத்தாளருடன் சேர்ந்து, 1934-இல் நீரிழிவாளர்க்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினார்.

நம் நாட்டு விருந்துகளில் வேறொரு தொல்லை உண்டு. இலையில் பாயசம் வேண்டா என்பவரை யாரும் எளிதில் விடுவதில்லை. "இன்று ஒரு நாள் உண்டால் என்ன?" என்று உபசரிப்பர். காரணம் கூறாமல் மறுத்தால் செருக்கு என்பர். ஆதலின் அவர் நாணி உண்கிறார். இரண்டு சொற்களில் உண்மையைக் கூறியிருந்தால், பரிமாறியவரே அடுத்த முறை அவருக்கெனக் காயும் கீரையும் கொணர்ந்திருப்பார்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ கொள்பவர், வேளைக்கு உண்ணத் தவறினால் இரத்தத்தில் சருக்கரை அளவுக்கு மீறிக் குறையும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அறியாதார் அவரைக் குடித்தவர் என்று எண்ணி ஒதுங்குவதும் உண்டு. அறிந்தவரோ உடனே சருக்கரை கரைத்த நீரைப் பருகத் தருவர். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைவர்.

மேலும், பெற்றோருக்கு நீரிழிவு இருப்பின் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதி. தந்தை மறைத்தால், முன்கூட்டியே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளும் வாய்ப்பை மகன் இழக்கிறான். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என 2023-இல் வெளியான பேராய்வு ஒன்று மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு உள்ள நோயில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

ஊரறியப் பறையறைதல் வேண்டும் என்பதன்று. உடன் உண்பவர், உடன் பயணம் செய்பவர், உடன் பணிபுரிபவர் அறிந்தால் போதும். கேட்பவர்க்கும் கடமை உண்டு. "நீயே தேடிக்கொண்டாய்" என்பதும், மருந்தை நிறுத்திப் பாகற்சாறு பருகு என்பதும் உதவியல்ல. சிறுவர்க்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே அற்றுப்போவதால் வருவது. தின்ற இனிப்பு அதற்குக் காரணமன்று.

அத்தகைய மாணவன் ஒருவன் வகுப்பில் இருப்பின், அவன் பெற்றோர் ஆசிரியரிடம் அதனை முன்னரே கூறிவிடுதல் நன்று. பாடவேளையில் அவன் எதையேனும் எடுத்து உண்டால் ஆசிரியர் சினவார், அடுத்திருப்பவர் நகையார். விளையாட்டுத் திடலில் அவன் சோர்ந்து அமரும்போது, அவன் பையில் சருக்கரைப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த தோழன் ஒருவனேனும் அருகில் இருப்பான்.